யன்னல் கதவாகும்போது



ஒலுவிலிலிருந்து ஒரு சகோதரி நீண்ட கடிதமொன்று எழுதியிருக்கிறார். துறைமுகத்துக்கு வடக்கே, கடலிரைச்சல் கேட்கும் தூரத்தில் அவருடைய வீடு. உம்மா பாரிசவாதத்தால் ஒரு வருடமாகச் சக்கர நாற்காலியில் இருக்கிறார். அவருடைய அறையின் கிழக்குச் சுவரில் நான்கடி அகலமான யன்னல் ஒன்று உண்டு. அதை எடுத்துவிட்டு, நடுவில் சேர்ந்து மூடும் இரட்டைக் கண்ணாடிக் கதவு போட்டால், அஸருக்குப் பின் உம்மாவைப் பின்வளவுக்குக் கொண்டுபோய்க் காற்றாட வைக்கலாம் என்பது மகளின் ஆசை. மாப்பிள்ளை கட்டாரில். காக்கா, “ரெண்டு நாள் வேலை, சுவரை உடைச்சிக் கதவை மாட்டுறதுதானே” என்கிறார். பார்க்க வந்த மாமி, “கண்ணாடிக் கதவு போட்டா பொம்புளைகள் எப்படி ஊட்டுக்க இருக்கிற?” என்கிறார். மேசனிடம் கூலியைக் கேட்டால், “அதுக்கென்ன தங்கச்சி, வேலை முடியட்டும், பாத்துத் தாங்க” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாராம். ‘மாப்பிள்ளை ஊரில் இல்லாத நேரத்தில் நானே கூலி பேசி வேலை கொடுக்கலாமா? கொடுப்பதென்றால் என்னவெல்லாம் பேச வேண்டும்?’ என்று சகோதரி கேட்கிறார்.

முதற் கேள்விக்கு ஒரே வரியில் பதில் சொல்லிவிடலாம். தாராளமாகப் பேசலாம். எமது கிழக்குக் கரையில் வீடு பெரும்பாலும் பெண்ணுக்கே எழுதிக் கொடுக்கப்படுகிறது. நிகாஹ் முடிந்ததும் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருகிறார். உறுதியில் உங்கள் பெயர் இருந்தால் சுவரும் உங்களுடையது, யன்னலும் உங்களுடையது. மனைவியின் சொத்து மனைவிக்குரியது என்பதில் மார்க்கத்தில் இரண்டு பேச்சில்லை. மாப்பிள்ளையோடு தொலைபேசியில் கலந்து பேசுவது குடும்பத்தின் அழகு. ஆனால் மேசனுக்கு வேலை கொடுப்பவர் நீங்கள். கூலி கடமையாவதும் உங்கள் மீதுதான். “எனக்கு ஒண்டும் தெரியா, காக்காவைக் கேளுங்க” என்று ஒதுங்கிக்கொண்டால் அந்தக் கடமை ஒதுங்கிப் போய்விடாது. பேசும்போதும் வேலை நடக்கும்போதும் வாப்பாவோ, சகோதரனோ, வளர்ந்த மகனோ பக்கத்தில் இருக்கட்டும். அது வேறு விடயம். அதை நான் சொல்லித்தான் நீங்கள் அறிய வேண்டும் என்பதில்லை.

இந்த வகைக் கதவைப் பிரெஞ்சுக் கதவு என்று கடைக்காரர்கள் சொல்கிறார்கள். பிரெஞ்சுக்காரர்கள் தங்கள் மொழியில் இதற்கு வைத்திருக்கும் பெயரைத் தமிழில் சொன்னால் ‘கதவு யன்னல்’ என்றுதான் வரும். நிலம் வரை இறங்கிய யன்னல் அது. வெளிச்சம் தருவதற்காகப் பிறந்து, பிறகு நடந்துபோகும் வழியாகவும் ஆனது. பாண்டிச்சேரியில் பிரெஞ்சுக்காரர் வாழ்ந்த தெருக்களுக்குப் போனவர்கள் அந்த உயர்ந்த இரட்டைக் கதவுகளைப் பார்த்திருப்பீர்கள்.

பெயரில் உள்ள இந்த இரட்டைத் தன்மை எமது பிக்ஹு நூல்களிலும் கவனிக்கப்பட்டிருப்பது ஆச்சரியமானது. யன்னல் வெளிச்சத்துக்கு, கதவு வழிக்கு. இரண்டுக்கும் சட்டம் ஒன்றல்ல. அரபுக் கல்லூரிகளில் ஓதிக்கொடுக்கப்படும் இமாம் நவவி (ரஹ்) அவர்களின் ‘மின்ஹாஜ்’ நூலில் இது வருகிறது. எல்லோரும் போய்வரும் பொதுப் பாதையை நோக்கி யாரும் கதவு திறக்கலாம். ஆனால் முட்டு ஒழுங்கை, அதாவது ஒரு முனை மூடிய ஒழுங்கை, அதில் வாசல் வைத்திருப்பவர்களுக்கே உரியது. அங்கே வாசல் இல்லாத ஒருவர் தன் சுவரில் வெளிச்சத்துக்காக யன்னல் வைக்கலாம். நடந்து போகக் கதவு வைப்பதென்றால் ஒழுங்கைக்காரர்களின் சம்மதம் வேண்டும். ஏற்கெனவே வாசல் உள்ளவர்கூட இன்னும் உள்ளே தள்ளிப் புதிய வாசல் வைத்தால் ஏனையோர் தடுக்கலாம். ஏறத்தாழ 750 ஆண்டுகளுக்கு முன் திமிஷ்கில் எழுதப்பட்ட வரிகள் சாய்ந்தமருதிலும் மருதமுனையிலும் உள்ள நெருக்கமான ஒழுங்கைகளுக்காகவே எழுதியது போலிருக்கிறது! இந்தச் சகோதரியின் யன்னல் சொந்த வளவுக்குள் திறப்பதால் அவருக்கு இந்தச் சிக்கல் இல்லை. மற்றவர்கள் முதலில் தங்கள் யன்னல் எங்கே பார்க்கிறது என்று பாருங்கள். பக்கத்து வீட்டு ராத்தாவின் கிணற்றடியைப் பார்க்கிறதென்றால், சுவர் உங்களுடையதாக இருந்தாலும் ஒரு தரம் போய்ச் சொல்லிவிட்டு வாருங்கள்.

அண்டைவீட்டாரை அடுத்து அரசாங்கம். வீட்டின் வெளிச்சுவரை மாற்றுவதற்கு முன் உள்ளூராட்சி சபையில் விசாரிப்பது நல்லது. ஒலுவிலுக்கு அது அட்டாளைச்சேனைப் பிரதேச சபை. கடலோரத்தில் இன்னொன்றும் உண்டு. 1981 ஆம் ஆண்டின் கரையோரப் பாதுகாப்புச் சட்டப்படி, உயர் நீர்மட்டக் கோட்டிலிருந்து தரைப் பக்கமாக 300 மீற்றர் வரை கரையோர வலயம். அதற்குள் கட்டட வேலை என்றால் அனுமதி பற்றிக் கேட்டுக்கொள்ள வேண்டும். சிறிய வேலைகளுக்குப் பிரதேச செயலகத்திலேயே வழி சொல்வார்கள்.

ஒலுவில் மக்களுக்குக் கரையைப் பற்றி நான் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. மர்ஹூம் எம்.எச்.எம். அஷ்ரப் அவர்கள் துறைமுக அமைச்சராக இருந்த காலத்தில் கண்ட கனவு அந்தத் துறைமுகம். டென்மார்க்கின் கடனுதவியோடு 2008 இல் வேலை தொடங்கி 2013 செப்டெம்பரில் திறக்கப்பட்டது. கரையோரமாக வடக்கு நோக்கி நகரும் மணலைக் கடலுக்குள் நீண்ட அலைதடுப்பு அணைகள் மறித்தன. துறைமுக வாயில் மணல் நிறைந்தது. வடக்கே கரை அரிபட்டுத் தென்னைகள் சாய்ந்தன. ஓரிடத்தில் கைவைத்தால் விளைவு வேறோரிடத்தில் தெரியும் என்பதை அந்த ஊரார் கண்ணால் கண்டவர்கள். ஆகவே சகோதரிக்கு என் முதல் யோசனை இது: கதவுக்கு மரம் வாங்குவதற்கு முன் கடலுக்கும் உங்கள் வேலிக்கும் இடையில் இன்று எத்தனை அடி, ஐந்து வருடத்துக்கு முன் எத்தனை அடி என்று வீட்டில் மூத்தவர்களோடு பேசிப் பாருங்கள். கடல் நெருங்கி வரும் இடமென்றால் சுவரை உடைத்துச் செலவழிக்கும் பணத்தை வேறு விதமாக யோசிக்க வேண்டிவரும். தூரம் போதுமென்றால் மேலே வாசியுங்கள்.

இனிச் சுவர். காக்கா சொல்லும் இரண்டு நாள் கணக்கு ஒரு நிலையில் ஏறத்தாழச் சரி: கதவின் அகலம் யன்னலின் அகலத்தைத் தாண்டாதபோது. எமது வீடுகளில் யன்னலுக்கும் கதவுக்கும் மேலே ஒரே மட்டத்தில்தான் லின்டல் போடப்படுகிறது. மேற்சுவரின் பாரத்தை அந்தக் கொங்கிறீற்றுத் துண்டு இரு பக்கச் சுவருக்கும் கடத்துகிறது. யன்னலுக்குக் கீழேயுள்ள மூன்றடிச் சுவர் பெரிய பாரம் எதையும் தாங்கி நிற்பதில்லை. அதை வெட்டியெடுத்தால் வீடு அசையாது. ஆனால் “நாலடி என்னத்துக்கு, ஆறடியாப் போட்டா வடிவா இருக்கும்” என்று யாராவது சொன்னால் அங்கேதான் விடயம் தலைகீழாகிறது. பழைய லின்டல் குட்டையாகிவிடும். அதற்கு மேலேயுள்ள சுவருக்கும் கூரைக்கும் முட்டுக் கொடுத்து, பழையதை உடைத்து, இரு பக்கச் சுவரிலும் குறைந்தது ஆறு அங்குலம், முடிந்தால் ஒன்பது அங்குலம் ஏறி உட்காரும்படி புதிய லின்டல் போட வேண்டும். ஏழு நாளாவது அதை ஈரமாக வைத்திருக்க வேண்டும். இரண்டு வாரத்துக்கு முட்டைக் கழற்றக் கூடாது. இது இரண்டு நாள் வேலையல்ல. “முட்டுத் தேவையில்லை, கைவசம் எனக்குத் தெரியும்” என்று சொல்லும் மேசனைத் தேத்தண்ணி கொடுத்து மரியாதையாக அனுப்பிவிடுங்கள்.

கலவையிலும் கவனம் வேண்டும். கடற்கரையில் மணல் காலடியில் கிடக்கிறது, உவர்க் கிணறும் பக்கத்தில் இருக்கிறது. அள்ளிக் குழைப்பது இலேசு. அந்த உப்பு உள்ளிருக்கும் கம்பியைக் கறள் பிடிக்கச் செய்யும். கறள் பிடித்த கம்பி பருத்துக் கொங்கிறீற்றை வெடிக்கச் செய்யும். லின்டலின் அடியில் நீளமாக வெடிப்பு ஓடும் பழைய வீடுகளை நீங்கள் பார்த்திருப்பீர்கள். ஆற்று மணலும் நல்ல தண்ணீரும் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். சுவரை வெட்டுமுன் அதற்குள் மின்சார வயர் ஓடுகிறதா என்று பார்க்க வேண்டும். யன்னலுக்குக் கீழே பிளக் இருந்தால் ஓடுகிறது என்றுதான் அர்த்தம். மெயின் சுவிட்சை நிறுத்தி, மின்சார வேலை தெரிந்தவரைக் கொண்டு வயரை நகர்த்திய பின்னரே உளி வைக்க வேண்டும்.

அடுத்தது காற்றும் மழையும். இதில் ஓடாவியோடு நீங்கள் கட்டாயம் பேச வேண்டும், ஏனென்றால் கதவு பார்க்கப் போவது கிழக்கை. 1978 நவம்பர் 23 ஆம் திகதி இரவுச் சூறாவளியை மூத்தம்மாமார் இன்றும் நாள் சொல்லிப் பேசுவார்கள். சூறாவளியில் கூரை பறப்பதற்குக் காற்று மேலே போவது மட்டும் காரணமல்ல. காற்றுப் பக்கத்துக் கதவு உடைந்து திறந்துகொண்டால், உள்ளே புகுந்த காற்று கூரையைக் கீழிருந்து தள்ளுகிறது. வெளியே ஓடும் காற்று மேலிருந்து உறிஞ்சுகிறது. இரண்டும் சேர்ந்தால் ஓடும் சீற்றும் நிற்காது. கம்பி போட்ட நான்கடி யன்னலை விட ஏழடி உயர இரட்டைக் கதவு பெரிய வாய். அதன் பலமெல்லாம் தாழ்ப்பாளிலும் பிணைச்சலிலும்தான் இருக்கிறது.

ஆகவே, இரண்டு கதவில் ஒன்றுக்கு மேலும் கீழும் நீண்ட தாழ்ப்பாள் வேண்டும். கீழ்த் தாழ்ப்பாள் தரைக்குள் ஒரு அங்குலமாவது இறங்க வேண்டும். மற்றக் கதவு அதன்மேல் வந்து பூட்டும். இரண்டும் சேருமிடத்தில் ஒரு பட்டி மேலே படிந்து மூட வேண்டும், இல்லாவிட்டால் வாடைக்காற்றோடு தூவானம் நேரே கட்டிலுக்கு வரும். கதவு வெளிப்பக்கம் திறப்பதா, உட்பக்கமா என்று ஓடாவி கேட்பார். வெளிப்பக்கம் திறக்கும் கதவைக் காற்று நிலையோடு சேர்த்து அழுத்துவதால் மழை புகுவது குறையும். உம்மாவின் அறையில் இடமும் மிஞ்சும். ஆனால் அப்போது பிணைச்சல் வெளியே தெரியும், அதன் ஆணியை வெளியிலிருந்து தட்டிக் கழற்றலாம். ஆணி கழலாத வகைப் பிணைச்சலாக வாங்குங்கள். ஒவ்வொரு கதவுக்கும் மூன்றுக்குக் குறையாமல் போடுங்கள். இரும்பு வேண்டாம். பித்தளை அல்லது கறள் பிடிக்காத உருக்கு. அந்த உருக்கிலும் கடலோரத்துக்கு 304 ஐ விட 316 என்ற தரம் நன்றாக நின்று பிடிக்கும். விலை கூடத்தான். ஆனால் ஒலுவில் காற்றில் மலிவான பிணைச்சல் எத்தனை மாரிக்கு நிற்கும் என்று உங்களுக்கே தெரியும். திறந்து வைக்கும்போது கதவு காற்றில் அடிபடாமல் சுவரில் கொக்கியும் வேண்டும்.

மரமென்றால் முதிரையும் தேக்கும் கரையோரத்துக்கு நல்லவை. எந்த மரமானாலும் காய்ந்திருக்க வேண்டும். மாரியில் மரம் ஊதும். கச்சான் காற்று வீசும் கோடையில் சுருங்கும். கோடையில் நெருக்கமாகப் பொருத்திய கதவு மார்கழியில் திறக்காது. அந்த இடைவெளியை விடத் தெரிந்தவர்தான் ஓடாவி. அலுமினியத்துக்கு இந்தத் தொல்லை இல்லை. ஆனால் மெல்லிய சட்டங்களைப் போட்டு ஏமாற்றுவது அதில் இலகு.

கண்ணாடி விடயத்தில் பிடிவாதமாக இருங்கள். யன்னல் கண்ணாடி நெஞ்சுயரத்தில் இருக்கிறது. கதவுக் கண்ணாடி குழந்தையின் நெற்றியளவில், சக்கர நாற்காலியின் கால்மிதியளவில் இருக்கிறது. சாதாரணக் கண்ணாடி உடைந்தால் கத்தியாகும். உடைந்தாலும் சிறு மணிகளாக உதிரும் பாதுகாப்புக் கண்ணாடி வேண்டும். அதைவிட நல்லது, கீழ்ப்பாதியைப் பலகையால் அடைத்துவிடுவது. மாமியின் கேள்விக்கும் பாதிப் பதில் அதிலே இருக்கிறது.

மாமி சொன்னதை இளையவர்கள் சிரித்துத் தள்ள வேண்டாம். பகலில் வெளியே வெளிச்சம் கூட, உள்ளே குறைவு. அதனால் கண்ணாடிக்கூடாக உள்ளே அதிகம் தெரியாது. மஃரிபுக்குப் பின் லைட்டைப் போட்டதும் நிலைமை மாறிவிடும். உள்ளே இருப்பவருக்கு வெளியே இருட்டு மட்டும் தெரியும், வெளியே நிற்பவருக்கு அறை முழுவதும் தெரியும். ஜித்தாவின் பழைய நகரில் வீடுகளின் முகப்பில் மரச் சட்டகங்களைப் பலர் ஹஜ்ஜுக்கும் உம்ராவுக்கும் போனபோது பார்த்திருப்பீர்கள். ரோஷன் என்று அவற்றுக்குப் பெயர். மரப் பின்னல் வழியே காற்று வரும். உள்ளிருக்கும் பெண்கள் தெருவைப் பார்ப்பார்கள், தெருவுக்கு அவர்களைத் தெரியாது. அந்த நகரம் 2014 இல் உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்க்கப்பட்டது. அத்தனை வேலைப்பாடு எமக்குத் தேவையில்லை. கீழே பலகை, மேலே சாய்வான சிறு பலகைத் தட்டுகள் வைத்த கதவென்றால் காற்றும் வரும், மறைவும் கிடைக்கும். கண்ணாடிதான் வேண்டுமென்றால் மேற்பாதியில் வைத்து, கனமான திரையொன்றையும் கதவோடு சேர்த்தே கணக்கில் போடுங்கள். திரையைப் பிறகு பார்க்கலாம் என்று விட்ட வீடுகளில் பழைய படுக்கை விரிப்புத்தான் தொங்குகிறது!

உம்மாவின் நாற்காலிக்கு வருவோம். இந்த வேலையே அவருக்காகத்தான். ஆனால் கடிதத்தில் அகலத்தைப் பற்றி எழுதிய சகோதரி, படியைப் பற்றி எழுதவில்லை. சக்கர நாற்காலி தடையின்றிப் போக 32 அங்குல வழி வேண்டும். நான்கடி நிலைக்குள் ஒரு கதவை மட்டும் திறந்தால் அது கிடைக்காது. இரண்டையும் திறக்க வேண்டும். பரவாயில்லை. அதற்காக அகலத்தைக் கூட்டி லின்டலில் கைவைக்க வேண்டாம் என்பதே என் அபிப்பிராயம். கதவின் அடியில் உயரமான மரப்படி வைப்பது ஓடாவிகளின் வழக்கம். மழைநீரை மறிக்க அது நல்லது, சக்கரத்துக்கு அது சுவர். அரை அங்குலத்துக்கு மேல் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அப்படியானால் மழையை வேறு விதத்தில் மறிக்க வேண்டும்: வெளியே கதவுக்கு மேலாக நான்கடிக்காவது கூரை இறக்கம், அதன் கீழே வெளிப்பக்கம் சாய்வான சீமெந்துத் தரை. வீட்டுத் தளம் வளவை விட ஒன்றரை அடி உயரமென்றால் சாய்தளமும் வேண்டும். ஓர் அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் என்பது கணக்கு; ஒன்றரை அடிக்குப் பதினெட்டு அடி. அதைக் குறுக்கிச் செங்குத்தாக வைத்தால் உம்மாவைத் தள்ளி ஏற்ற இரண்டு பேர் வேண்டும், இறக்கும்போது பயமும் கூட. கதவின் செலவை மட்டும் கணக்குப் பார்த்து, பதினெட்டு அடிச் சாய்தளத்தையும் கூரையையும் மறந்தால், அழகான கதவுக்குப் பின்னால் உம்மா உட்கார்ந்திருப்பார். வெளியே போகமாட்டார்.

இப்போது “பாத்துத் தாங்க” என்ற சொல்லுக்கு வருகிறேன்.

எமது ஊர்களில் இது மரியாதைச் சொல். காசைப் பற்றிப் பேச வெட்கப்படும் நல்ல மனிதரின் சொல். ஆனால் பிக்ஹின் பார்வையில் இதுதான் வம்பின் வித்து. கூலி வேலை, இஜாரா என்னும் ஒப்பந்தம். வேலை தெரிந்ததாக இருக்க வேண்டும், கூலி தெரிந்ததாக இருக்க வேண்டும். கூலி சொல்லாமல் வேலை நடந்தால் ஒப்பந்தம் சரியாகாது. அப்போது அந்த வேலைக்கு அந்த ஊரில் வழக்கமாக என்ன கூலியோ அது கடமையாகும். அது எவ்வளவு என்று நீங்கள் ஒன்று நினைப்பீர்கள், மேசன் ஒன்று நினைப்பார். நீங்கள் கொடுத்ததை அவர் ஒன்றும் பேசாமல் வாங்கிக்கொண்டு போகலாம். மனதில் என்ன வைத்துக்கொண்டு போனார் என்று யாருக்குத் தெரியும்? வேலை வாங்கிவிட்டுக் கூலியைக் கொடுக்காதவருக்கு எதிராக மறுமையில் அல்லாஹ்வே வாதாடுவான் என்ற கருத்தில் ஸஹீஹுல் புகாரியில் வரும் ஹதீஸ் நீங்கள் பயான்களில் கேட்டதுதான். எனவே அவர் வெட்கப்பட்டாலும் நீங்கள் கேளுங்கள்: “காக்கா, எனக்குத் தொகை தெரியணும். நீங்க சொல்லாட்டி நான் வேலை தொடங்க மாட்டன்.” இதில் அவருக்கு அவமரியாதை எதுவும் இல்லை.

நாட்கூலியா, கொந்தராத்தா என்று அடுத்துத் தீர்மானியுங்கள். சுவருக்குள் என்ன இருக்கிறதென்று தெரியாத உடைப்பு வேலைக்கு நாட்கூலி பொருந்தும். நிலை வைத்துக் கதவு பூட்டும் வேலைக்குக் கொந்தராத்துப் பொருந்தும். இரண்டையும் ஒன்றாக முடிச்சுப் போட்டுவிடாதீர்கள். ‘இந்த வேலையை இன்று ஒரு நாளுக்குள் இந்தக் கூலிக்கு’ என்று நேரத்தையும் வேலையையும் சேர்த்துக் கட்டினால் அந்த ஒப்பந்தம் செல்லாது என்பதே மின்ஹாஜில் வலுவாகக் கூறப்படும் கருத்து. அங்கே தையற்காரரை உதாரணம் காட்டுகிறார்கள். வேலை மத்தியானத்திலேயே முடிந்துவிட்டால் மீதி நேரம் யாருடையது? பொழுது சாய்ந்தும் முடியாவிட்டால் கூலி என்னாவது? வேகமாகச் செய்யுங்கள் என்ற எண்ணத்தில் மட்டும் நாளைச் சொன்னால் குற்றமில்லை என்று பின்வந்த அறிஞர்கள் விளக்கியிருக்கிறார்கள். ஆகவே “பெருநாளைக்கு முந்தி முடிச்சித் தந்தா நல்லம்” என்று சொல்லுங்கள். ஒரு நாள் பிந்தியதற்காகக் கூலியை வெட்டாதீர்கள்.

கட்டட வேலை என்றால் இடம், நீளம், அகலம், உயரம், எதைக் கொண்டு கட்டுவது ஆகிய அனைத்தையும் தெளிவாக்க வேண்டும் என்று அதே நூலில் இருக்கிறது. இதை ஒரு கொப்பித் தாளில் எழுதினால் போதும். எந்தச் சுவர், எத்தனை அடி, என்ன மரம், பிணைச்சல் எத்தனை, பூச்சும் பெயின்றும் சேர்த்தா, உடைத்த கல்லை அள்ளுவது யார், சாமான் வாங்குவது யார், வேலையில் கண்ணாடி உடைந்தால் யார் தலையில், தரையோடு வெடித்தால் யார் மாற்றித் தருவது. பகற்சாப்பாடு உங்கள் வீட்டிலா, அவர்கள் கொண்டுவருவதா என்பதையும் எழுதுங்கள். சாப்பாட்டில் வரும் மனக்கசப்புக் கூலியில் வருவதை விடப் பொல்லாதது. வெள்ளிக்கிழமை எத்தனை மணி வரை என்பதும் முன்கூட்டியே தெரிய வேண்டும். கடனை எழுதிக்கொள்ளும்படி சூரா அல்பகராவின் 282 ஆவது வசனம் எவ்வளவு விரிவாகப் பேசுகிறது! குர்ஆனிலேயே மிக நீண்ட வசனம் அது. எழுதச் சொன்னால் “என்னை நம்பல்லியா?” என்று மேசன் கோபித்தால் அதைச் சொல்லிக் காட்டுங்கள். இருவரும் ஒப்பமிட்டு, கைத்தொலைபேசியில் ஒரு படம் எடுத்துக் கட்டாருக்கும் அனுப்பிவிடுங்கள்.

முழுப் பணத்தையும் முன்னால் கொடுக்க வேண்டாம். சாமானுக்கு முற்பணம், நிலை வைத்ததும் ஒரு பங்கு, கதவு பூட்டியதும் ஒரு பங்கு என்று பிரித்துக்கொள்ளலாம். கடைசியாக ஒரு சிறு தொகையை மழை பார்த்த பின் தருவதாகவும் பேசலாம். அதை முதலிலேயே பேசி அவர் ஒப்புக்கொண்டிருக்க வேண்டும். வேலை முடிந்த பிறகு “மழை வரட்டும் பாப்பம்” என்று நீங்களாகப் பிடித்து வைத்தால் அது அவருடைய ஹக்கைத் தடுத்ததாகும். மழைக்குக் காத்திருக்காமல், கதவைப் பூட்டிவிட்டு வெளியிலிருந்து பத்து வாளித் தண்ணீரை அடித்து ஊற்றிப் பார்ப்பது இருவருக்கும் நல்லது. நீர் உள்ளே வந்தால் அவர் அங்கேயே நின்று திருத்துவார், வராவிட்டால் அன்றே கணக்கை முடித்து அனுப்பலாம்.

மேசனும் ஓடாவியும் வெவ்வேறு ஆட்களென்றால் யார் முதலில் வருவது என்பதையும் இருவரையும் ஒரே நேரத்தில் நிறுத்திவைத்துப் பேசுங்கள். நிலை தயாராகி வீட்டுக்கு வருமுன் சுவரை உடைக்க விடாதீர்கள். கிழக்குப் பக்கம் வாய்திறந்த அறையில் படங்கைக் கட்டிக்கொண்டு, ‘நாளைக்கு வாறன்’ என்று சொன்ன ஓடாவிக்காக நோயாளி உம்மாவோடு காத்திருக்கும் நிலை எந்த மகளுக்கும் வேண்டாம். ஐப்பசிக்குப் பின் இந்த வேலையைத் தொடங்கவே வேண்டாம். மாரி ஓய்ந்த பின் பங்குனி, சித்திரை வாக்கில் வைத்துக்கொண்டால் சாந்தும் காயும், மரமும் காயும்.

கடிதத்தின் கடைசியில் சகோதரி சின்னதாக இன்னொன்று கேட்டிருந்தார். கழற்றும் பழைய யன்னலைக் கூலியில் ஒரு பகுதியாக எடுத்துக்கொள்கிறேன் என்று மேசன் சொன்னாராம். அது வாப்பா போட்ட முதிரை நிலை. ஆட்டை உரிப்பவருக்கு அதன் தோலையே கூலியாக வைக்கக் கூடாது என்று மின்ஹாஜ் கூறுகிறது. உரித்த பின்னர்தானே தோல் எப்படியென்று தெரியும்? சுவருக்குள் இருக்கும் நிலையும் ஏறத்தாழ அப்படித்தான். கழற்றினால்தான் கறையான் எத்தனை தூரம் தின்றது என்று தெரியும். கூலியைக் காசாகப் பேசி முடியுங்கள். யன்னல் வெளியே வந்த பிறகு அவருக்கு வேண்டுமென்றால் விலை பேசி வாங்கிக்கொள்ளட்டும். மரம் நன்றாக இருந்தால் கொடுக்காமல் வைத்துக்கொள்ளுங்கள். குசினிக்குப் புதிதாக ஒரு யன்னல் வைக்க உதவும்.